சிராய் இல்லாத வெட்டு

'டக்.'

சத்தம் அவ்வளவுதான். அன்று காபிக்கடை முற்றத்தில் நின்றவர்கள் எல்லோரும் உங்களிடம் 'படார்' என்று சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டுவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, முதல் வேலையாக அதைத் திருத்திவிடலாம். மூங்கில் தானாக முறிந்தால் நார் நாராகக் கிழிந்துகொண்டு, ஒரு கூட்டமே கைதட்டுவது போலச் சத்தம் போட்டுவிட்டுத்தான் முறியும். ஒரே ஒரு 'டக்' என்றால் அதற்குக் காரணம் வேறு. அதற்கு வருகிறேன். நல்ல விஷயத்தை அள்ளித் தெளித்த கோலமாகச் சொல்லக் கூடாது.

"உள்ளதை உள்ளபடி எழுதுங்க, பிளேடு மட்டும் போடாதீங்க" என்று சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் பட்டறையில் என் பெயரே 'பிளேடு அண்ணன்'தான். வெட்டும் பிளேடுகளில் எனக்கு இருக்கும் தேர்ச்சியைப் பார்த்து வைத்த பெயர். நான் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எங்கள் பாலிஷ்காரருக்கு மட்டும் சொல்லிவைத்தாற்போல் வயிற்று வலி வந்துவிடும். பாவம், பலவீனமான உடம்பு.

நாங்கள் மூங்கிலில் நாற்காலி, முக்காலி, தடுப்பு, மாடிக் கைப்பிடி எல்லாம் செய்கிறவர்கள். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, இரண்டு வெட்டு மேசைகள், ஓடும்போது தானே ஆடுகிற ஒரு பெரிய மின்விசிறி. ஜன்னலோரம் என் தங்கை உட்கார்ந்து கயிறு சுற்றுவாள். மூங்கிலும் மூங்கிலும் சேரும் இடத்தில் அவள் போடும் கட்டைப் பார்த்துவிட்டு, அவிழ்க்க மனம் வராமல், கெட்டுப்போன நாற்காலியைக்கூடத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அம்மா அப்பா போன பிறகு நான்தான் அவளை வளர்த்தேன். அண்ணன் பாதி, அப்பா பாதி.

இனி பிளேடு. ஜிக்சா மெஷினை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கையில் அடங்குகிற சின்ன ரம்பம். அதில் மாட்டும் பிளேடு மேலும் கீழும் குதிக்கும். சாதாரண பிளேடில் பல் எல்லாம் வானத்தைப் பார்த்து இருக்கும். அதனால் அது மேலே ஏறும்போதுதான் வெட்டும். ஏறும்போது மேல் தோலைப் பிய்த்துக்கொண்டு ஏறும். மரம் சாது, பொறுத்துக்கொள்ளும். மூங்கில் ரோஷக்காரன். ஒரு நாரை இழுத்தால் ஒன்பது நார் கூடவே எழுந்து வரும், அந்தச் சிராய் விரலில் ஏறினால் சாப்பிடும்போதுகூட நம்மை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

ஆகவே பெரிய பல் வைத்த மர பிளேடு மூங்கிலுக்கு ஆகாது. இரும்பு வெட்டுகிற பொடிப்பல் பிளேடு தேவலை. எல்லாவற்றையும்விட, பல் கீழே பார்த்து இருக்கும் தலைகீழ் பிளேடு ஒன்று உண்டு. அது இறங்கும்போது வெட்டும். மேல் தோல் கன்னம் போல அப்படியே இருக்கும். மெஷின் துள்ளும், கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கோட்டின் மேல் காகித டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். மெஷினில் பிளேடை முன்னும் பின்னும் ஆட்டுகிற திருகு ஒன்று இருக்கிறது, அதைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்து என்று நான் பட்டறையில் கத்துவேன். எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் மெஷினைச் சொன்னேன்.

அப்படி வெட்டி டேப்பை உரித்தெடுக்கும் அந்த நொடி இருக்கிறதே, ஐயா, எனக்குத் தலைகால் புரியாது. கல்யாண வீட்டில் நடுக்கூடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். வெட்டின முனையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். வழுவழு. ஒரு தடவை அப்படியே கண்ணை மூடி நின்றுவிட்டேன், மேசை வாங்க வந்த அம்மாள் எனக்குப் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தார்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் மாப்பிள்ளை வந்தார்.

எங்களுக்கு மூங்கில் ஏற்றிவரும் லாரியின் டிரைவர் அவர். சரக்கை இறக்கும் வரை ஜன்னலில் சாய்ந்து தங்கையோடு பேசிக்கொண்டிருப்பார். சாய்வது அவர் பிறவிக் குணம். சுவர், கதவு, அலமாரி, ஆள், எதன் மேலும் சாய்ந்துவிடுவார். பட்டறையில் 'சாஞ்சாடி' என்று பெயர் வைத்தார்கள், அதற்கும் சிரித்தார். ஜன்னலில் சாய்ந்தவர் ஒரு வருஷத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டார். தங்கை ஆசைப்பட்டாள், கட்டிவைத்தேன். லாரியை விட்டுவிட்டு எங்களோடே வேலைக்குச் சேர்ந்தார். நல்ல மனிதர்தான். நான் அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் வந்த பிறகு, இரண்டாவது மேசையில் வெட்டின மூங்கில்களில் சிராய் வர ஆரம்பித்தது.

நான் மரக்கடைக்கோ வாடிக்கையாளர் வீட்டுக்கோ போய்விட்டுத் திரும்பினால், மேசையில் துண்டுகள் கிடக்கும். வெட்டா அது? நாய் கடித்துத் துப்பின மாதிரி. மாப்பிள்ளை மேசையில் சாய்ந்து, சட்டையில் ஒரு தூள்கூட இல்லாமல், பேரன் பிறந்தவரைப் போலச் சிரித்துக்கொண்டு நிற்பார். தலையெல்லாம் தூளாகத் தங்கை தரையைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். வெட்டுவது ஒருவர், அள்ளுவது ஒருத்தி என்று எனக்கு வயிறு எரியும்.

"யார் வெட்டினது?"

"நான்தான் மச்சான். கை கொஞ்சம் ஆடிடுச்சு."

"என்ன பிளேடு போட்டீங்க மாப்ள?"

"கைக்கு வந்ததைப் போட்டேன். கொஞ்சம் தூளும் பசையும் குழைச்சு அப்பிடுவோம், விடுங்க. மூங்கிலே நம்மகிட்ட வந்து புகார் சொல்லப்போகுது?"

பட்டறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். தங்கை மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் விரல் நுனியெல்லாம் சிராய் ஏறித் துணி சுற்றியிருக்கும். கயிறு சுற்றுகிறவள் விரலில் அடுத்தவன் வெட்டின சிராய். நீங்களே சொல்லுங்கள், கூடப்பிறந்தவனுக்குப் பொறுக்குமா?

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மெஷின் மேல் ஒரு கண். "நானும் ஒரு துண்டு வெட்டிப் பாக்கிறேன்ண்ணே" என்பாள். விரல் போய்விடும், உனக்கு எதற்கு இந்த வேலை என்று கிட்டவே விடவில்லை. ஒருமுறை தொட்டதற்குக் கொஞ்சம் அதட்டியிருக்கிறேன். அதன் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை, அது வேறு. நான் இருக்கும்போது அவள் எதற்கு வெட்ட வேண்டும்?

பிறகு ஒரு நாள் மதியம் சாப்பாட்டு வேளையில் மாப்பிள்ளை என் தோள் மேல் சாய்ந்துகொண்டு சொன்னார்: "மச்சான், காபிக்கடை வேலை முடிஞ்சதும் நானும் இவளும் தனியா ஒரு பட்டறை போடலாம்னு இருக்கோம். கொஞ்சம் தூரம்தான், ரயில்ல ஒரு ராத்திரி."

தங்கை தட்டைப் பார்த்தபடியே, "வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவோம்ண்ணே" என்றாள்.

"தாராளமாப் போங்க. தடுக்கிறதுக்கு நான் யாரு?" என்றேன். மனப்பூர்வமாகச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன். நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்: அவர்கள் போவதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு ஒரே கவலைதான். புது ஊரில், புது ஜனங்கள், பாவம், இந்த மனிதரின் வெட்டைக் காசு கொடுத்து வாங்குவார்களே. அதை நிறுத்தத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தும் சும்மா இருந்தால் அது எப்படி நியாயம்?

இப்படி முடிவானதும் மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. கால் தரையில் பாவவில்லை. பாலிஷ்காரர் "என்ன பிளேடு அண்ணே, பாட்டெல்லாம் வருது, பொண்ணு பாத்திருக்காங்களா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் காபிக்கடை வேலை இதுதான்: மாடியில் திறந்த முற்றம், அதைச் சுற்றி மூங்கில் கைப்பிடி. கீழே சிமெண்டுத் தரை. முற்றத்தின் நடுவாசலுக்கு நேர் எதிரே இருக்கும் கைப்பிடியில்தான் மாப்பிள்ளை சாய்வார் என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை. அந்த ஒரு நீளத் துண்டை மட்டும் பட்டறையில் என் மேசையில் வைத்துக்கொண்டேன். எல்லோரும் சாப்பிடப் போன நேரம்.

இங்கேதான், ஐயா, ஒரு சின்ன தர்மசங்கடம். எந்த பிளேடு?

புத்தி சொன்னது: பெரிய பல் மர பிளேடைப் போடு, ஆட்டத்தைக் கூட்டி வை. நார் நாராகக் கிழியட்டும். பார்க்கிறவனுக்கு மூங்கில் இற்று முறிந்தது போலவே இருக்கும். ஒரு பயல் உன்னைக் கேள்வி கேட்க மாட்டான். உண்மையிலேயே அந்த பிளேடை மாட்டினேன். மெஷினைத் தூக்கினேன். மூங்கிலைப் பார்த்தேன். அது நல்ல விளைந்த மூங்கில், தேன் நிறம், கணுவெல்லாம் அளந்து வைத்தாற்போல. கை வரவில்லை. நான் ஒன்றும் மிருகம் இல்லையே.

பிளேடைக் கழற்றிவிட்டேன். பொடிப்பல் இரும்பு பிளேடா, தலைகீழ் பிளேடா என்று கொஞ்சம் யோசித்தேன். வெளியே பார்க்கிற முகமும் நன்றாக இருக்க வேண்டும், உள்ளே பார்க்கிற முகமும் நன்றாக இருக்க வேண்டும். கடைசியில் தலைகீழ் பிளேடு, புதுசு. டேப் ஒட்டினேன். ஆட்டம் பூஜ்யம். மெதுவாகச் சுற்றி வெட்டினேன். ஆள் சாயும் வரை தாங்குகிற அளவுக்கு ஒரு பக்கம் மட்டும் தோலை விட்டேன். என் வாழ்நாளிலேயே அதுதான் சிறந்த வெட்டு. டேப்பை உரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தங்கை சாப்பிட்டுவிட்டு வந்ததும், "டேப் ஒட்டியிருக்கேன் பாரு, வெடிப்பு வராம இருக்க. அதும்மேல அழகா ஒரு சுத்து சுத்திடும்மா" என்றேன்.

"நடுவுல எதுக்குண்ணே கட்டு? மத்ததுல இல்லையே."

"வாசலுக்கு நேரா வர்றது. அம்சமா இருக்கட்டும்."

அவள் கயிற்றை நனைத்து, இழுத்து, நெருக்கமாகச் சுற்றினாள். என் வெட்டு, அவள் கட்டு. அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த வேலைகளில் அது மாதிரி ஒன்று அமைந்ததில்லை. கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மாப்பிள்ளை விசிலடித்துக்கொண்டே அதைத் தோளில் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினார். கடையிலும் அவரே பொருத்தினார், நான் திருகுகளை எடுத்துக் கொடுத்தேன்.

திறப்பு அன்று மதியம் முற்றம் நிறைய ஆட்கள். காபிக்கடை முதலாளியம்மா எல்லோருக்கும் இலவசமாகக் காபி கொடுத்தார். நான் கீழே ஒரு மூலையில் கோப்பையோடு நின்றிருந்தேன். மாப்பிள்ளை உள்ளே யாரோடோ கதையடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு வாசலுக்கு நேரே வந்து, நம் கட்டின் மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தாள். கீழே புருஷன் போட்டோ எடுக்கக் கையைத் தூக்கினான்.

நீங்கள் கேட்டீர்களே, அப்போது ஏன் கத்தவில்லை என்று. நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆர்வமாக இருந்தது. விட்டுவைத்த தோல் தாங்குமா என்று நானும் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லையே. அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள், குழந்தையை வெளிப்பக்கமாகத் தூக்கிக் காட்டினாள். தாங்கியது. எனக்கு ஏற்பட்ட பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போட்டோ நன்றாக வரவில்லை என்று இன்னொன்று எடுத்தார்கள். அதற்கும் தாங்கியது. காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் குடித்தேன்.

அவள் நகர்ந்ததும் மாப்பிள்ளை வந்தார். என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். முகமெல்லாம் பல். இரண்டு கையையும் விரித்துக் கைப்பிடியில் போட்டு, முழு உடம்பையும் சாய்த்து, ஊரே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்: "எப்படி மச்சான் நம்ம வேலை?"

'டக்.'

அதைத்தான் திருத்தச் சொன்னேன்.

அவர் பிழைக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சாயங்காலம் சொன்னார்கள். நான் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரலில் சுற்றியிருந்த துணியை மாற்றிவிட்டேன். யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. மறுநாள் நீங்கள் ஒரு கட்டட இன்ஜினியரை அழைத்துவந்தீர்கள். அவர் கைப்பிடியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூச்சி அரிச்ச மூங்கில் சார். இத்துப்போய் முறிஞ்சிருக்கு. மட்டமான வேலை. விபத்துன்னு முடிச்சிடலாம்." நீங்களும் பேனாவை மூடிவிட்டீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்கும் தெரியும்.

ஆனால் மட்டமான வேலை என்றால், ஐயா?

"பூச்சி அரிச்சா முனை இப்படியா இருக்கும்?" என்று கேட்டேன். "கிட்ட வந்து விரலை வச்சுப் பாருங்க சார். ஒரு சிராய் காட்டுங்க. இது முறிஞ்சது இல்லை, வெட்டினது. தலைகீழ் பிளேடு." சொல்லிக்கொண்டே கயிற்றை நகர்த்தி டேப்பையும் உரித்துக் காட்டினேன். அடடா, அந்த முனை. இன்ஜினியர் இரண்டடி பின்னால் போனார். நீங்கள்தான் நிதானமாகக் கேட்டீர்கள், "இந்த பிளேடு இங்க யார்கிட்ட இருக்கு?" என்று. வேறு யாரிடமாவது இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. நான்தான் வெட்டினேன். அவர் சாவார் என்று தெரிந்து, யோசித்து, பிளேடு தேர்ந்தெடுத்து வெட்டினேன். தொழிலின் பெயரைக் காப்பாற்ற, தங்கையின் விரலைக் காப்பாற்ற. கையெழுத்துப் போடுமுன் இன்று காலை நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன். தங்கை என்னைப் பார்க்க வந்தபோது நீங்கள் நாற்காலி போடச் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டீர்கள், உங்களுக்குக் கேட்டிருக்காது.

அவள் அழவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டாள்.

"எதுக்குண்ணே?"

நான் விளக்கமாகச் சொன்னேன். இரண்டாவது மேசை, சிராய், புது ஊர் ஜனங்கள், தொழில் தர்மம். "அந்த மாதிரி வெட்டுற கையை எப்படிம்மா விட்டுவைக்கிறது? மூங்கில்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

அவள் சொன்னாள்:

"அவருக்கு மெஷின்னாலே பயம்ண்ணே. அது ஓடினா காதைப் பொத்திக்கிட்டு வாசல்ல போய் நின்னுக்குவாரு. நீ வெளியில போற நேரமாப் பாத்து நான்தான் வெட்டிப் பழகுவேன். உனக்குத் தெரிஞ்சா மறுபடியும் அடிப்பியோன்னு அவர் தன் பேர்ல போட்டுக்கிட்டாரு. ஒண்ணுகூட அவர் வெட்டினது இல்ல. எல்லாமே நான்."

அதட்டினேன் என்றுதான் நான் மேலே எழுதியிருக்கிறேன். அவள் அடித்ததாக ஞாபகம் வைத்திருக்கிறாள். இருக்கட்டும், அவள் சின்னப் பிள்ளை.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த முக்காலிக் கால், அந்தத் தடுப்பின் சட்டம், எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று ஒரு சந்தோஷம். அவள் தலையைத் தடவிக்கொடுக்கக் கையை நீட்டினேன். அவள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"நீ வெட்டினதா? அட, அப்ப அது ஒண்ணும் அவ்வளவு மோசமில்லம்மா."